தங்கலுக்குப் போற போட்டுல காலைக் காப்பி

(தூத்துக்குடி பக்கத்துத் தருவைக்குளம், வழிவலை - மிதக்க விட்டு மீன் பிடிக்கிற வலை - போட்டுக்காரர், அதாவது படகுக்காரர், குடும்பக் குழு)

சின்னவன், இரவு 7:12
கடல்லயே நாள் கணக்கா தங்கி மீன் பிடிக்கிற இந்தத் தங்கலுக்கு ஒரு கரண்ட் கெட்டில் கொண்டு போலாம்னு பாக்கேன். 1000 வாட். இன்வெர்ட்டர் ஒண்ணும் கிடக்கு. விடியக்காலைல அடுப்போட மல்லுக்கட்ட வேண்டாம்லா. மச்சான், பேட்டரி தாங்குமா?

எலக்ட்ரிக் மச்சான், 7:15
எந்தப் பேட்டரில மாட்டப் போற?

சின்னவன், 7:15
இஞ்சின் பேட்டரி ரெண்டுல ஒண்ணுல. இன்வெர்ட்டர் 12 வோல்ட்டு

எலக்ட்ரிக் மச்சான், 7:19
மாட்டாத.
ரெண்டும் சேர்ந்துதான் 24 வோல்ட். ஒண்ணுல மட்டும் கரண்ட் உருவினா அது இறங்கிக் கிடக்கும், மத்தது நிறைஞ்சிருக்கும். சார்ஜ் ஏறும்போது டைனமோவுக்கு மொத்த 28 வோல்ட்டுதான் கணக்கு. இறங்கினது நிறையாது, நிறைஞ்சது கொதிச்சுத் தண்ணி வத்தும். ரெண்டையும் சேத்துத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சின்னவன், 7:20
அப்ப லைட்டுக்குன்னு தனியா 100 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி இருக்குல்லா, அதுல?

பெரியப்பா, 7:22
ஏல, ராத்திரி பூரா இஞ்சினை அமத்திட்டு நீரோட்டத்துல வலையோட ஒழுகிக்கிட்டுக் கிடப்போம். லைட்டு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் அந்த ஒண்ணுலதான் ஓடுது. விடியும்போது அதுல என்ன இருக்கும்?

எலக்ட்ரிக் மச்சான், 7:29
பெரியப்பா சொல்றது சரி. 5 ஆம்பியர் வச்சு 10 மணி நேரம்னா 50 ஏஹெச். பாதி காலி.
இதுல வேடிக்கை என்னன்னா கெட்டில் தின்னுறது கொஞ்சம்தான். 900 மில்லி தண்ணி கொதிக்க அஞ்சு நிமிசம், 8 ஏஹெச் போதும். ஆனா அந்த அஞ்சு நிமிசமும் 100 ஆம்பியர் இழுக்கும். பாதி இறங்கின பேட்டரில அப்படி இழுத்தா 12 வோல்ட் 11.6க்கு வந்திரும்.
இன்வெர்ட்டருக்கு என்ன ஒயர் போடுத?

சின்னவன், 7:30
4 ஸ்கொயர் எம்எம். ரெண்டு மீட்டர் தூரம்தான்

எலக்ட்ரிக் மச்சான், 7:33
போக ரெண்டு, வர ரெண்டு, ஆக 4 மீட்டர். 100 ஆம்பியர் ஓடினா ஒயர்லயே 1.75 வோல்ட் போயிரும். இன்வெர்ட்டர் வாயில நிக்கிறது 9.85. அது 10.5லயே கீச்சுனு கத்திட்டு அணைஞ்சிரும். தண்ணி வெதுவெதுன்னு நிக்கும், ஒயர்தான் கொதிக்கும்.
35 ஸ்கொயர் போட்டா ஒயர்ல போறது 0.2தான். ஆனா அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல பிளாஸ்க் வாங்கிரலாம்.

சின்னவன், 7:35
கார்ல சொருகுற 12 வோல்ட் கெட்டில்? 150 வாட்டுன்னு போட்டிருக்கான்

எலக்ட்ரிக் மச்சான், 7:38
அரை லிட்டருக்கே 25 நிமிசம் ஆகும். ஆறு பேருக்கு முக்கா மணி நேரம் ஓடும். அந்த சாக்கெட்டு 12 ஆம்பியரை அவ்வளவு நேரம் தாங்காது. உப்புக்காத்துல பச்சை பூத்த பித்தளைன்னா சூடேறி பிளாஸ்டிக் உருகும்.
கெட்டிலேதான் வேணும்னா ஒரு வழி இருக்கு. 24 வோல்ட் இன்வெர்ட்டர், ரெண்டு பேட்டரிக்கும் சேத்து, பேட்டரி பக்கத்துலயே 60 ஆம்பியர் ஃப்யூஸ். சாயங்காலம் வலை விடுற இடத்துக்கு ஓடும்போது, இஞ்சின் ரேஸ்ல இருக்கையில மட்டும் போடு. டைனமோ 45 ஆம்பியராவது இருக்கணும். இஞ்சின் அமந்த பெறவு தொடக்கூடாது. காலைல செல்ஃப் எடுக்கலைன்னா நடுக்கடல்ல காப்பி குடிச்சு என்ன செய்ய?

தோணி மாமா, 7:44
சாயங்காலமே வெந்நி வச்சிரலாம்னா கரண்டு என்னத்துக்கு மாப்ள. சோறு வடிச்ச கேஸ் அடுப்பு சூடா இருக்கும்போதே ஒண்ணரை லிட்டர் தண்ணி வச்சு இறக்கு. 20 கிராம் கேஸ் ஆகும், காத்து அடிச்சா ரெட்டிப்பு.
பிளாஸ்க்குல முதல்ல கொஞ்சம் வெந்நி ஊத்தி ரெண்டு நிமிசம் வச்சுக் கொட்டு. பெறவு கழுத்து வரை நிரப்பு. காலியிடம் விட்டா அந்தளவுக்கு ஆறும். நல்ல ஸ்டீல் பிளாஸ்க்குன்னா 9 மணி நேரத்துக்குப் பெறவும் 75 டிகிரி நிக்கும்.

சின்னவன், 7:46
75ல டிகாஷன் இறங்குமா மாமா?

தோணி மாமா, 7:53
இறங்காது. புளிச்ச மாதிரி, சப்புன்னு இருக்கும். அதனால டிகாஷனையும் ராத்திரியே கொதிக்கிற தண்ணில போட்டு வச்சிரணும்.
ஃபில்டர் கொண்டு போகாத. போட்டு உருளும்போது தூள் ஒரு பக்கமா சாயும், தண்ணி மெல்லிசா இருக்கிற ஓரத்துலயே ஓடிரும். பாதித் தூள் நனைஞ்சும் நனையாமக் கிடக்கும். தோணில சமைக்கிற பண்டாரிமாரு செய்யுற மாதிரி செய்: 60 கிராம் தூள், 300 மில்லி தளதளன்னு கொதிக்கிற தண்ணி. கலக்கி மூடி 6 நிமிசம். மேல மிதக்குற தூளை ஒரு தட்டு தட்டினா கீழ போகும். வெள்ளைத்துணில வடிகட்டி லேசாப் பிழி. 180 மில்லி கிடைக்கும், தலைக்கு 30.

பெரியப்பா, 7:55
துணில வடிச்சா துணி வாசம்தான் அடிக்கும். ஃபில்டரை ஈரச்சாக்கு சுத்தி மூலைல இடுக்கி வச்சா சாயாது

தோணி மாமா, 7:57
அத்தான், சோப்புல துவைச்ச துணின்னா அடிக்கும். புதுத்துணியை வெந்நில ரெண்டு தரம் அலசி காப்பிக்குன்னே வச்சுக்கிடணும். ஃபில்டர் கடல் சும்மா கிடக்கும்போது சரி. கச்சான் காத்து தூக்கினா?

பெரியப்பா, 7:58
கச்சான் தூக்கினா காப்பியே கிடையாது 😄

மதினி, 8:03
தம்பி, ராத்திரியே பாலைக் காய்ச்சி பிளாஸ்க்குல ஊத்திராதீங்க. சூடு இறங்க இறங்க உள்ளயே கெடும், வாடையும் போகாது. பால்பவுடர் போதும். ஆறு பேருக்கு 90 கிராம். நேரா வெந்நில கொட்டினா கட்டி கட்டியா நிக்கும். குளுந்த தண்ணி அரை டம்ளர்ல குழைச்சுட்டு அப்புறம் பிளாஸ்க்கு வெந்நி 600 மில்லி ஊத்துங்க. சீனியையும் பவுடரோடயே சேத்துக்கிட்டா கட்டி விழாது.
தூளையும் பவுடரையும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி பொட்டலமாக் கட்டித் தாரேன். டப்பாவைத் தினமும் திறந்தா உப்புக்காத்துக்கு மூணாம் நாளே தூள் பிசுபிசுன்னு ஆயிரும்.

சின்னவன், 8:05
டிகாஷன் ஆறிப் போயிருக்கும்லா மதினி, எல்லாம் கலந்தா சூடு இருக்குமா

மதினி, 8:08
60 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும், குடிக்கிற சூடுதான். டிகாஷன் பாட்டிலை மிச்ச வெந்நில அஞ்சு நிமிசம் நிக்க வைங்க. டம்ளரையும் அதுலயே அலசிட்டு ஊத்துங்க. எவர்சில்வர் டம்ளர் பாதிச் சூட்டைக் குடிச்சிரும்

பெரியப்பா, 8:12
உடன்குடி கருப்பட்டி ரெண்டு சிப்பம் போடு. பால் இல்லாத அன்னைக்கு கருப்பட்டிக் காப்பிதான். கருப்பட்டியை ராத்திரியே கரைச்சு வடிகட்டி வை, மண்ணு கிடக்கும். பாலோட சேத்துக் கொதிக்க விடாத, திரிஞ்சிரும்.

தோணி மாமா, 8:15
அப்புறம் அடுப்பு. சிலிண்டர் தளத்துக்கு மேலயே இருக்கணும், இஞ்சின் ரூம் படிக்கட்டுப் பக்கம் வைக்காத. கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா கீழ இறங்கித் தேங்கும். காலைல செல்ஃப் போடும்போது ஒரு பொறி போதும். வால்வைச் சிலிண்டர்ல மூடு, அடுப்புத் திருகுல மட்டும் மூடிட்டுப் படுக்காத.
பாத்திரம் பாதிக்கு மேல நிரப்பாத. பர்னரைச் சுத்தி நாலு விரல் உயரத்துக்குக் கம்பி வளையம் வெல்டு வச்சுக்கோ.

சின்னவன், 8:17
சரி மாமா. டம்ளரு, துணியெல்லாம் கடல் தண்ணில கழுவலாம்லா? நல்லதண்ணி மிச்சம் பிடிக்க

மதினி, 8:18
டம்ளர் கழுவலாம், கடைசியா நல்லதண்ணில ஒரு அலசு. துணியைக் கழுவாதீங்க, மறுநாள் காப்பி கரிக்கும்

சின்னவன், 8:19
அப்ப இந்த இன்வெர்ட்டரை என்ன செய்ய மச்சான்

எலக்ட்ரிக் மச்சான், 8:24
வீட்டுல வச்சுட்டுப் போ. போன் சார்ஜுக்கு லைட் பேட்டரில நேரா யூஎஸ்பி சாக்கெட்டு ஒண்ணு வச்சுத் தாரேன். நாளைக்கு வரும்போது பேட்டரி ஒயர் முனைல இருக்கிற லக்கையும் கழட்டிப் பாக்கணும், பச்சை பூத்திருக்கும்