கற்பனை உலகில் எல்லாம் வல்ல தெய்வங்கள் இருவர் இருக்க முடியுமா?

ஹட்டன் வாசகர்:
நான் எழுதிவரும் நாவலின் மலைநாட்டில், மேற்குச் சரிவுக்கு ஒருவர், கிழக்குச் சரிவுக்கு ஒருவர் என எல்லாம் வல்ல தெய்வங்கள் இருவர் இருக்கிறார்கள். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் கிழக்குச் சரிவிலுள்ள ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசுவதிலிருந்து பிறந்த கற்பனை இது. இடையிலுள்ள முகட்டில் ஒருவர் மழையையும் மற்றவர் வெயிலையும் ஒரே வேளையில் விரும்பினால் யாருடைய எண்ணம் பலிக்கும்? கற்பனைதானே என்று விட்டுவிடலாமா?

பதுளை:
விட்டுவிட முடியாது. (வெயிலோடு மழை பெய்வதை நாம் பார்த்திருக்கிறோம், ஆகவே, மழை பெய்வதும் பெய்யாமையும் என்று வைத்துக்கொள்வோம்.) எவருடைய எண்ணம் தோற்கிறதோ அவர் எல்லாம் வல்லவர் அல்லர். இருவரும் எப்போதும் ஒன்றையே விரும்புவார்கள் என்றால் முரண்பாடு நீங்கும்; ஆனால் கதைக்கு இரண்டாமவர் எதற்கு?

கண்டி:
எல்லாம் என்பதில் எவை அடங்கும் என்பதை முதலில் வரையறுங்கள். தன்னுள்ளேயே முரண்படுவது ஒரு செயலே அன்று என்பதால், அதைச் செய்யாமை வல்லமைக்குக் குறையாகாது என்றார் 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ். பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் 1630இல் எழுதிய கடிதங்களிலோ, கணித உண்மைகளும் இறைவன் விதித்தவையே என்கிறார். இந்த இரண்டாம் வழியில் சென்றால், முரண்பாடும் தெய்வத்தைத் தடுக்காது; தன்னால் தூக்க முடியாத கல்லைத் தெய்வத்தால் படைக்க முடியுமா என்ற புதிரில், அப்படியொரு கல்லைப் படைக்கும் தெய்வம் அதைத் தூக்கியும் விடலாம். புதிர் தீரும், ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று வாசகர் ஊகிப்பதற்கு எந்தப் பிடியும் இராது.

மஸ்கெலியா:
இருவரும் வல்லமையை மட்டுமே அளக்கிறீர்கள். மாசியில் நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பாருங்கள். சிவன் எரித்த மன்மதன், ரதியின் புலம்பலுக்குப் பிறகு, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மீள்கிறான். முழு உருவத்தையும் எல்லாருக்கும் தெரியும்படி ஏன் தரவில்லை என்று விடியவிடியப் பார்த்திருப்பவர்கள் கேட்பதில்லை, எரித்தது எரித்ததுதான். பஸ்மாசுரன் துரத்தும்போதும், கொடுத்த வரத்தைப் பறிக்காமல் சிவன் ஓடுகிறாரே! உங்கள் தெய்வங்களும் முகட்டைப் பற்றி முன்பே ஒரு வாக்குக் கொடுத்திருக்கட்டும்.

பதுளை:
அப்படியானால் வாக்கு தெய்வத்தைவிட வலியதாகிவிடாதா?

மஸ்கெலியா:
மீற இயலாது என்றால் ஆகும். மீற முடிந்தும் மீறவில்லை என்றால் ஆகாது. ஆனால் அந்த வாக்கை முதல் அத்தியாயங்களிலேயே வாசகருக்குக் காட்டிவிடுங்கள், ஐயா. மழை தொடங்கும் வேளையில் சொன்னால், சிக்கலிலிருந்து தப்ப நீங்களே அப்போது புனைந்தது என்றுதான் எண்ணுவார்கள்.