18 மாத மார்வாரி இன ஆண் குதிரைக்குட்டி: கடிக்கிறது, கட்டினால் இழுக்கிறது. இப்போதே ஏறலாமா?

கேள்வி: கொங்குநாட்டுக் குதிரை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய ஆண் குட்டி. வயது 18 மாதம் என்றார் விற்றவர். எடை 250 கிலோ இருக்கலாம். பிடித்து நடத்தினால் கையையும் சட்டையையும் கவ்வுகிறது. கட்டுத்தறியில் கட்டினால் தலையைத் தூக்கிப் பின்னால் இழுக்கிறது; கயிறு அறுந்தே போனது. காலை ஒரு கிலோ, மாலை ஒரு கிலோ கொள்ளு, மற்ற நேரம் வைக்கோல். பகல் முழுக்கக் கட்டியே நிற்கிறது. "ஆள் ஏற்றினால்தான் அடங்கும்" என்கிறார்கள். சரிதானா?

பதில்: லாயம்

ஏற்றாதீர்கள். முதலில் கயிறு.

குதிரையின் உச்சந்தலையில் கயிறு அழுந்தினால் அது எதிர்த்து இழுப்பது இயல்பு. அழுத்தத்துக்கு விட்டுக்கொடுத்தால் அழுத்தம் போய்விடும் என்பதை நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். 12 அடி நீளமுள்ள தடித்த பருத்திக் கயிறு எடுங்கள். இடது தோள்பட்டைக்கு அருகே நின்று, தலையை உங்கள் பக்கம் திருப்பும் அளவுக்கு லேசாகக் கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். குட்டி முரண்டு பிடித்தாலும் அதே அழுத்தத்தில் காத்திருங்கள். தலை ஓர் அங்குலம் உங்கள் பக்கம் வந்தாலும் போதும், அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். குதிரை பாடம் படிப்பது அந்தத் தளர்வில்தான். 2 நொடி தாமதித்தால் அதற்குள் அது தலையை மறுபடி தூக்கியிருக்கும். தூக்கியதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும்.

இடது பக்கம் பழகியது வலது பக்கம் தானாக வராது. இரண்டையும் தனித்தனியே பழக்குங்கள். பிறகு கீழ்நோக்கி, முன்நோக்கி. ஒரு வேளைக்கு 10 நிமிடம், நாளுக்கு இரு வேளை.

இதெல்லாம் வந்த பிறகுதான் கட்டு. முதலில் முடிச்சுப் போடாமல் கயிற்றை வளையத்தில் நுழைத்து, முனையை நீங்களே பிடித்திருங்கள். அது பின்னால் போனால் கொஞ்சம் விட்டு, நின்றதும் முன்னால் அழையுங்கள். நிஜமாகக் கட்டும்போது வளையம் அதன் தோள் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சுதான் போட வேண்டும். தாழக் கட்டினால் முழு பலத்தோடு இழுத்துக் கழுத்தெலும்பையே கெடுத்துக்கொள்ளும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது; விரல் போய்விடும்.

கடிப்பது பெரும்பாலும் விளையாட்டு. மந்தையில் ஆண் குட்டிகள் ஒன்றையொன்று கவ்வித்தான் விளையாடும். துணையில்லாத குட்டி உங்களைத் துணையாக நினைக்கிறது. வெல்லம், கேரட் எதையும் கையில் கொடுக்காதீர்கள், வாளியில் போடுங்கள். கடிக்கும் முன் மூக்கோரம் சுருங்கும், மேலுதடு கூர்ந்து நீளும். அப்போதே கயிற்றை அசைத்து அதை இரண்டடி பின்னால் நடக்க வையுங்கள். கடித்து முடித்த பிறகு அடிப்பது வீண். எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. முகத்தில் அறைந்தால் கடியும் நிற்காது, பிறகு தலையைத் தொடவும் விடாது.

பதில்: குளம்பும் பல்லும்

வயதை நீங்களே பாருங்கள். 18 மாதத்தில் முன்பற்கள் எல்லாமே பால் பற்கள்: சிறியவை, வெள்ளையானவை, அடியில் குறுகியவை. நடு இரண்டு மட்டும் பெரிதாக, மஞ்சளாக, நெடுக்கில் கோடோடு இருந்தால் இரண்டரை வயதைத் தொட்டுவிட்டது.

ஏறும் விஷயம். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள எலும்பின் வளர்ச்சிப் பகுதி மூடச் சுமார் 2 முதல் இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பு முழுதாக முற்ற 5 வயதுக்கு மேலும் ஆகும். 18 மாதத்தில் ஆளைச் சுமந்தால் "அடங்கியது" போலத் தெரிவது பல நேரம் முதுகு வலிதான்.

இரண்டரை வயதில் முதுகில் துணி, பிறகு ஆளில்லாத சேணம். கடிவாளம் போடும் முன் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். அந்த வயதில் பால் பல் ஆடும், இரும்பு பட்டால் வலியில் தலையை உதறும். 3 வயதில் ஆள், நடை மட்டும், 10 முதல் 15 நிமிடம், வாரம் 3 நாள். வளர்ந்த குதிரைக்கே சேணத்தோடு உடல் எடையில் 20 சதவீதம் உச்சவரம்பு. குட்டிக்கு அதிலும் குறைவு. வட்டத்தில் ஓட்டுவதையும் இப்போது தள்ளிவையுங்கள். சிறு வட்டம் மூட்டைத் தின்றுவிடும்.

முள் வைத்த கடிவாளத்தை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். சுமை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்கின்றன.

பதில்: அருகம்புல்

வேலையே இல்லாத குட்டிக்கு 2 கிலோ கொள்ளு, அதோடு கட்டியே நிற்பது. துள்ளாமல் என்ன செய்யும்? கொள்ளின் அளவை 10 நாளில் படிப்படியாகப் பாதியாக்குங்கள். வைக்கோலில் சத்து கம்மி. உலர்ந்த அருகம்புல்லும் கொஞ்சம் குதிரைமசாலும் சேர்த்து நாளுக்கு 5 கிலோ, நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். தினமும் சில மணி நேரம் வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள். துணைக்குக் காயடித்த வயதான குதிரை கிடைத்தால் நல்லது. பெட்டையோடு விடாதீர்கள், இந்த வயதிலேயே சினையாக்கிவிடும். இனப்பெருக்க எண்ணம் இல்லையென்றால் இதற்கும் காயடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஈ குறைவான குளிர் மாதம் ஏற்றது, டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

கொங்குநாட்டுக் குதிரை

நன்றி. பல்லைப் பார்த்தேன், எல்லாமே பால் பல்தான். இன்னொன்று: காதை வைத்துக் கோபத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். இதற்குக் காது எப்போதும் உள்பக்கம் வளைந்தே இருக்கிறதே?

லாயம்

மார்வாரிக்கு நுனிகள் ஒன்றையொன்று தொடுவது பிறவி அமைப்பு. நுனியை விடுங்கள், காதின் அடியைப் பாருங்கள். அடி பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டினால் மிரட்டல், விலகுங்கள். தளர்வாகப் பின்பக்கம் திரும்பினால் உங்களைக் கவனிக்கிறது. நெற்றிக்கு நேர் எதிரேயும் மூக்குக்குக் கீழேயும் அதற்குக் கண் தெரியாது. ஆகவே கையை நேரே முகத்துக்குக் கொண்டு போகாமல், பக்கவாட்டில் வந்து தோளைத் தொட்டு, அங்கிருந்து மேலே போங்கள்.