பிஎச்பி போட்டாச்சு, அப்பாச்சி வெப் சர்வர் கண்டுக்கவே மாட்டேங்குது, அவசரம்

மஞ்சப்பை:
யாராச்சும் முழிச்சிருக்கீங்களா, பிஎச்பி (சர்வர்ல ஓடி பேஜ் தயார் பண்ற மொழி) இன்ஸ்டால் பண்ணேன் எர்ரர் எதுவும் வரல, டெர்மினல்ல கேட்டா வெர்ஷன் சரியா சொல்லுது, ஆனா பிரவுசர்ல திறந்தா கோடு அப்படியே எழுத்தா வந்து நிக்குது, அதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வேற இருக்கு. ரெண்டு தடவ அழிச்சு போட்டாச்சு. காலைல மண்டபத்துக்காரர் புக்கிங் பேஜ் பாக்க வர்றார்.

முறுக்குகம்பி:
என்ன ஓஎஸ்? அப்பாச்சி வெர்ஷன்?

சுக்குகாப்பி:
பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க ப்ரோ, எனக்கு எப்பவும் அதுதான்

ஒத்தவிரல்:
ஃபைல் தொடக்கத்துல, கோடு ஆரம்பிக்குதுனு சொல்ற இடத்துல, வெறும் கேள்விக்குறி டேக் போட்டிருப்பீங்க. முழுசா பிஎச்பினு எழுதிப் பாருங்க

பழையரூட்:
டெர்மினல்ல ஓடுறது சிஎல்ஐ, அதாவது கமாண்ட் லைன் பிஎச்பி, அப்பாச்சிக்குள்ள ஓடுறது மாட்யூல், ரெண்டும் வேற வேற பேக்கேஜ். இது தெரியாமலே லைவ் சர்வர்ல கை வைக்கிறாங்க. மாட்யூல ஆன் பண்ற ஏ2என்மாட் கமாண்ட் என்ன சொல்லுதுனு போடுங்க.

மஞ்சப்பை:
உபுண்டு 22.04. ஏ2என்மாட் பிஎச்பி8.1 அடிச்சா எம்பிஎம் ஈவென்ட் ஆன்ல இருக்கு, கான்ஃப்ளிக்ட், முதல்ல அத டிசேபிள் பண்ணுனு வருது. வார்னிங்தானேன்னு விட்டுட்டேன்

பழையரூட்:
சாமி, அதான் பதிலே. எம்பிஎம்ங்கிறது வர்ற ரிக்வெஸ்ட்ட அப்பாச்சி எப்படி கவனிக்கணும்னு முடிவு பண்ற மாட்யூல். அதுல ஈவென்ட் த்ரெட்ல, அதாவது ஒரே ப்ராசஸுக்குள்ள பல வேலையா ஓடும், உபுண்டு தர்ற பிஎச்பி மாட்யூல் த்ரெட்டுக்கு செட்டாகாது. த்ரெட் இல்லாம தனித்தனி ப்ராசஸா ஓடுற ப்ரீஃபோர்க்குக்கு பேக்கேஜே மாத்தி விட்டிருக்கணும், ஆனா கையால யாராச்சும் ஈவென்ட்டுக்கு மாத்தி வச்சிருந்தா அது தொடாது. நீங்க மாத்தினீங்களா?

மஞ்சப்பை:
போன மாசம் எச்டிடிபி2 (பிரவுசரும் சர்வரும் பேசிக்கிற எச்டிடிபியோட ரெண்டாவது வெர்ஷன்) வேணும்னு ஒரு வீடியோ பாத்து பண்ணேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு அதுல சொல்லல

பழையரூட்:
ஏ2டிஸ்மாட் போட்டு எம்பிஎம்_ஈவென்ட்ட எடுங்க, எம்பிஎம்_ப்ரீஃபோர்க் ஏத்துங்க, அப்புறம் பிஎச்பி8.1. ரீலோட் பத்தாது, ரீஸ்டார்ட்.

முறுக்குகம்பி:
அப்படிப் பண்ணா எச்டிடிபி2 போயிடுமேண்ணே, அப்பாச்சி 2.4.27ல இருந்து ப்ரீஃபோர்க்ல அது ஓடாது. பிஎச்பிய தனி சர்வீஸா ஓட்டுற பிஎச்பி8.1-எஃப்பிஎம் போட்டு, அப்பாச்சிய அதோட இணைக்கிற ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ ஆன் பண்ணி, செட்டிங் ஆன் பண்ற ஏ2என்கான்ஃப்ல பிஎச்பி8.1-எஃப்பிஎம் குடுத்தா ஈவென்ட்ட தொடவே வேணாம்

சுக்குகாப்பி:
இவ்ளோ பாட்டுக்கு என்ஜின்எக்ஸ்ங்கிற வேற வெப் சர்வருக்கே மாறிடலாம்

பழையரூட்:
அங்கயும் எஃப்பிஎம்தான் தம்பி. அப்பாச்சிக்குனு ஃபோல்டர்ல எழுதி வச்ச எச்டிஆக்சஸ் ஃபைல் ரூல் எல்லாத்தையும் நீங்க வந்து மாத்தி எழுதித் தருவீங்களா?

சுக்குகாப்பி:
எச்டிஆக்சஸே ஒரு வியாதி, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒவ்வொரு ஃபோல்டரா தேடிட்டு திரியும்

ஒத்தவிரல்:
கேள்விக்குறி டேக் செக் பண்ணீங்களா

மஞ்சப்பை:
வந்துருச்சு!! நன்றி எல்லாருக்கும், தூங்கப் போறேன்

முறுக்குகம்பி:
எந்த வழில பண்ணீங்க? பாஸ்வேர்ட மாத்திட்டீங்கல்ல?

முறுக்குகம்பி:
ஹலோ?