கொரியாவின் ‘ஷட்டவுன்’ சட்டம்: பூட்டு தப்பா, பூட்டின கதவு தப்பா?

நெய்தல்:
காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று 2025இல் தமிழ்நாடு விதி போட்டது. இதே மாதிரி பூட்டைத் தென் கொரியா 2011 நவம்பரிலேயே போட்டுப் பார்த்தது. 16 வயது நிரம்பாதவர்களுக்கு இரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் கிடையாது. மீறினால் கேம் நடத்துபவருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 கோடி வொன் (கொரிய நாணயம்) வரை அபராதம். 2022 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டமே இல்லை. என்னைக் கேட்டால் பிறக்கும்போதே செத்த சட்டம்.

கருவேலம்:
இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீங்க நண்பரே. இங்கே காசாட்டம், வயது வந்தவர்களுக்கும் பூட்டு. அங்கே பிள்ளைகளின் தூக்கம். 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 7க்கு 2 என்று அதைச் செல்லும் என்றது.

நெய்தல்:
செல்லும், சரி. வேலை செய்ததா? கணக்குத் தொடங்க 13 இலக்கக் குடிமக்கள் பதிவு எண். பையன் அம்மாவின் எண்ணைப் போட்டால் சர்வருக்கு அவன் நாற்பது வயதுப் பெண்மணி. மொபைல் கேமுக்கோ சட்டமே பொருந்தாது. 2012இல் ஒரு பிரெஞ்சு ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியின் தகுதிச்சுற்றில், 15 வயதுக் கொரிய ஆட்டக்காரர் ஆடிக்கொண்டிருக்கும்போதே மணி 12 அடித்துவிட்டது!

உச்சம் 2021இல். மைன்கிராஃப்ட் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற்றினார்கள். கொரியாவுக்கென்று தனியாக நேரப்பூட்டு கட்டுவதைவிட, சிறுவர்களைச் சேர்க்காமல் விடுவது அவர்களுக்குச் சுலபம். விளைவு, பிள்ளைகள் கட்டை அடுக்கும் விளையாட்டு அந்த ஊரில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’.

கருவேலம்:
அதனால் நேரத் தடையே வீண் என்று ஆகாது. பிசி பாங் எனும் வாடகைக் கணினி விளையாட்டுக் கடைகளில் இரவு 10 முதல் காலை 9 வரை சிறுவர்களுக்கு அனுமதியில்லை. அது இன்றும் இருக்கிறது. அங்கே பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு ஆள் உண்டு, மாட்டினால் நஷ்டம் கடைக்காரருக்கு. சர்வருக்கு ஏது கண்? 2012இல் வந்த இன்னொரு ஏற்பாட்டில் 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோரே நேரம் குறித்துக் கொடுக்கலாம். 2022க்குப் பிறகும் நிற்பது அதுதான்.

தாயக்கட்டை:
ரெண்டு பேரும் கடிகாரத்தையே பார்க்கிறீங்க. கை வைக்க வேண்டிய இடம் பணப்பை. நெக்ஸான் நிறுவனத்தின் மேப்பிள்ஸ்டோரி என்ற ஆன்லைன் கேமில் ‘கியூப்’ என்ற பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால், ஆயுதத்தின் மூன்று வரிப் பண்புகள் குலுக்கல் மாதிரி மாறும். பலரும் தவமிருந்த சில கூட்டணிகள், உதாரணமாக மூன்று வரியிலும் பாஸ் தாக்குதல் (பெரிய எதிரியை அடிக்கும் பலத்தைக் கூட்டும் பண்பு), 2011 ஆகஸ்டிலிருந்து வரவே வராது. நிறுவனம் அதை வெளியே சொன்னது 2021 மார்ச்சில். இதை மறைத்ததற்காக 2024 ஜனவரியில் நெக்ஸானுக்குச் சுமார் 1,160 கோடி வொன் அபராதம்.

கருவேலம்:
2024 மார்ச் 22 முதல் இப்படிப்பட்ட குலுக்கல் பொருள்களின் நிகழ்தகவை வெளியிடுவது கட்டாயமாச்சே, அப்புறம் என்ன?

தாயக்கட்டை:
எதை வெளியிடுகிறார்கள் என்பதில்தான் விஷயம். ஒரு வரிக்கு 10 சதவீதம் என்று அட்டவணை சொன்னால், மூன்றுக்கும் 0.1 சதவீதம் என்று நாம் பெருக்கிக்கொள்வோம். ‘மூன்றாவது முறை அதே பண்பு விழாது’ என்ற விதி உள்ளே ஒளிந்திருந்தால் விடை பூஜ்யம். ஒவ்வொரு வரியின் எண்ணும் உண்மை, மொத்தம் பொய்.

நெய்தல்:
ஆட்டக்காரர்கள் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே?

தாயக்கட்டை:
1 சதவீதம் என்றாலே 100 முறை போட்டும் கிடைக்காதவர்கள் 37 சதவீதம். ஒருமுறையாவது விழ 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 299 முறை. 0.1 சதவீதத்துக்கு ஏறக்குறைய 3,000. அத்தனை கியூப் வாங்கியும் விழாதவன் தன் ராசியைத்தான் நொந்துகொள்வான். அதனால்தான் பத்து வருஷம் ஓடியது.