‘அடையாள அரசியல்’ என்றால் ஒரு நாள் அரசியலா?

(பேசுகிறவர்கள் அவரவர் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயரில்.)

கோண்டாவில்: வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். சாதி, இனம், பால் என்று தாங்கள் யார் என்பதை வைத்துச் செய்கிற அரசியலுக்கு (identity politics) ‘அடையாள அரசியல்’ என்றுதான் போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு பிள்ளை எழும்பி, “அடையாள வேலைநிறுத்தம் மாதிரி சும்மா ஒரு நாளைக்குச் செய்கிற அரசியலோ சேர்?” என்று கேட்டது. பிள்ளையில் பிழை இல்லை. அடையாள அட்டையையும் அடையாள அணிவகுப்பையும் நினைத்தால் இன்னும் மோசம். சோதனைச்சாவடியில் நின்ற தலைமுறைக்கு அடையாளம் என்பது காட்டினால்தான் விடுவார்கள் என்கிற சாமான். வேறு என்ன வைக்கலாம்?

நல்லூர்: தம்பி, சொல்லில் குறை இல்லை. பெரியாழ்வார் பாசுரத்தில் அனுமன் சீதைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி ‘ஓரடையாளம்’ என்று முடிக்கிறான். மற்றவர் நம்புவதற்காகக் காட்டுவதுதான் அடையாளம். ‘அடை’ என்ற பகுதியைப் பிடித்தால் அடைவு, அடைக்கலம், அடைகாய் வரை போகலாம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

சங்கானை: அடைகாய் வேண்டாம் ஐயா. ‘இனங்காண் அரசியல்’ எப்படி? எல்லாருக்கும் விளங்கும்.

பருத்தித்துறை: ‘இனம்’ என்று எழுதினால் இங்கே சிங்களவர், தமிழர் என்ற ஒரே அர்த்தம்தான். சாதி பற்றிய அத்தியாயத்திலேயே சாதி காணாமல் போய்விடும், அது எங்களுக்குப் பழகின விஷயம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியைச் சொல்லித் தடுத்தபோது உள்ளே விடச் சொல்லி நின்றவர்கள் சாதிப் பெயரில் அமைப்பு வைக்கவில்லை, தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் என்றுதான் வைத்தார்கள். இடதுசாரிகளும் சேர்ந்து நின்றதுதான் பலம். ஒவ்வொருவரும் தன் அடையாளத்தோடு பிரிந்தால் வாசலில் நிற்க ஆள் காணாது. என்னைக் கேட்டால் இந்தச் சொல்லே தேவையில்லை.

சாவகச்சேரி: அண்ணை, அந்தக் கதைக்கு மற்றப் பக்கமும் இருக்கிறது. அதற்கு முதலே ஒடுக்கப்பட்ட சாதித் தமிழரின் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இருந்ததே, தாங்கள் யார் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு? 1977இல் பொஸ்டனில் கொம்பாகி ஆற்றுக் குழுவின் கறுப்பினப் பெண்கள் இந்தச் சொல்லை எழுதியபோதும் பிரிந்து போகச் சொல்லவில்லை. வெள்ளைப் பெண்களின் இயக்கத்திலும் கறுப்பு ஆண்களின் இயக்கத்திலும் தங்கள் காரியம் கடைசியாகவே வந்ததால்தான் தங்கள் நிலையிலிருந்தே தொடங்கினார்கள். ‘எல்லாரும் ஒன்று’ என்கிறவர் அநேகமாக முன்வரிசையில் இருக்கிறவர். நான் ‘தன்னிலை அரசியல்’ என்பேன்.

நல்லூர்: தன்னிலை விளக்கம் என்று கட்சிக்காரர் விடுகிற அறிக்கைதான் நினைவுக்கு வரும் பிள்ளை. பேசாமல் ‘நாங்கள் அரசியல்’ என்று வையுங்கள். ‘நாம்’ கேட்பவரையும் உளப்படுத்தும், ‘நாங்கள்’ விலக்கும், உங்கள் சண்டை முழுக்க அதற்குள்தான் கிடக்கிறது.

பருத்தித்துறை: ஐயா, யாழ்ப்பாணத்தில் ஆர் ‘நாம்’ என்று கதைக்கிறது? கூட்டிக்கொண்டு போகவும் நாங்கள், விட்டிட்டுப் போகவும் நாங்கள்.

கோண்டாவில்: சரி, அச்சகத்தில் இருந்து இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். ‘அடையாள அரசியல்’ அப்படியே இருக்கட்டும், ஒரு நாள் அரசியல் அல்ல என்று கீழே ஒரு வரி எழுதுகிறேன். அக்காவின் ‘தன்னிலை’ அடைப்புக்குறிக்குள்.

சாவகச்சேரி: அடைப்புக்குறிக்குள் வேண்டாம் தம்பி. வெளியில் போடு, இல்லாவிட்டால் எடுத்துவிடு.