மறக்க முடியாத நாவல் எது?

கேள்வி: சின்ன வயதில் படித்து இன்றும் மனதில் நிற்கிற நாவல் எது? எனக்குப் ‘பொன்னியின் செல்வன்’தான். 1950களில் கல்கி இதழில் தொடராக வந்தபோது பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. மணியம் படங்கள், பின்பக்க விளம்பரங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயம் எனக்கு மனப்பாடம்.

பதில்: தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. நான் கதை நடக்கிற கும்பகோணத்துக்காரன். நாயகன் பாபு, வித்வான் ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் பகுதிக்காகவே திரும்பத் திரும்ப எடுப்பேன். காதலைவிட அதுதான் நாவலின் உயிர்.

பதில்: அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. கிரிக்கெட் ஆடித் திரிகிற பையனைச் சுற்றி ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியே சரிகிறது. கடைசிப் பக்கங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

கேட்டவர்: சரி, அடுத்து ‘மோகமுள்’தான். அப்புறம், பாட்டியின் பைண்டில் தாள் ஓரம் பொடிகிறது. எப்படிக் காப்பாற்றுவது?