சங்கு ஊதியதும் தூண்டில்: மெரமெக் ஊற்றில் ட்ரவுட் பிடித்த அனுபவம்

சின்னக் குழந்தைகளோடு மீன் பிடிக்கப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். போன மே மாதம் நாங்கள் ட்ரவுட் என்கிற குளிர்ந்த தண்ணீர் மீனைப் பிடிக்க மெரமெக் ஊற்றுப் பூங்காவுக்குப் போய் வந்தோம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் ஜேம்ஸ் ஊருக்குப் பக்கம். செயின்ட் லூயிஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, ஏழு வயது மகள், நான், மூன்று பேர்தான்.

ஆறு மணிக்கே போய்விட்டோம். கரை முழுக்க ஆட்கள் தூண்டிலோடு நிற்கிறார்கள், ஆனால் ஒருவரும் தண்ணீரில் போடவில்லை. அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆறரைக்குச் சங்கு ஊதிய பிறகுதான் போடலாம் என்று சொன்னேன். மாதத்துக்கு மாதம் நேரம் மாறும், மேயில் ஆறரை. சங்கு ஊதியதும் அப்பா சிரித்துவிட்டார். பாவநாசத்துக்குப் பக்கம் விக்கிரமசிங்கபுரம் மில்லில் முப்பது வருடம் சங்குச் சத்தத்துக்கு ஓடியவர், ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்காவில் வந்து மீன் பிடிக்கவும் ஒரு சங்கு!

சீட்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அங்கேதான் தடுமாறினேன். மீன்பிடி உரிமம் தனி, அன்றன்றைக்கு வாங்க வேண்டிய ட்ரவுட் சீட்டு தனி. பதினைந்து வயது வரை உரிமம் வேண்டாம், சீட்டு மட்டும் வேண்டும். அறுபத்தைந்து தாண்டியவருக்கு உரிமம் வேண்டாம் என்று கேள்விப்பட்டு அப்பாவுக்கு வாங்காமல் போனேன். அது மிசௌரியில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமாம். கடையில் சொன்னபோதுதான் தெரிந்தது. நல்ல வேளை, ஒரு நாள் உரிமம் அங்கேயே கிடைத்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாறைக்கு அடியிலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக 10 கோடி கேலன் பொங்கி வருகிறது. கோடையானாலும் குளிர்காலமானாலும் 13, 14 டிகிரிதான். ரெயின்போ ட்ரவுட் இந்தப் பக்கத்து மீனே இல்லை, பசிபிக் கரைப் பக்கத்து மீன். மிசௌரியின் மற்ற ஆறுகள் கோடையில் சூடாகிவிடும், அதில் இது தாங்காது. ஊற்றுத் தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் பண்ணையில் வளர்த்து விட முடியும். மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை, மறுநாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு முந்தின சாயங்காலமே மீனை விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்ட மீன்தானே, போட்டதும் கடித்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர், காலுக்குக் கீழே இருபது மீன் நிற்பது தெரிகிறது. ஒரு மணி நேரம் ஒன்றுகூடத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் நாலு மீன் பிடித்து, அன்றைய கணக்கு முடிந்து, கிளம்பவே தயாராகிவிட்டார். போகிறபோது என் தூண்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கெளுத்திக்கு வைத்திருந்த, பத்துப் பவுண்டு இழுவை தாங்குகிற தடித்த நரம்பு அது. இவ்வளவு தெளிந்த தண்ணீரில் மீனுக்குக் கயிறு மாதிரித் தெரியுமாம். தன்னிடம் இருந்த நாலு பவுண்டு நரம்பில் ஒரு பாகம் வெட்டிக் கொடுத்து, முள்ளையும் சின்னதாக மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அப்பா கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏல, ஒழுக்குல போடாத. அந்தக் கல்லுக்குப் பொறவால போடு, அங்கதான் நிக்கி." தாமிரபரணியில் தங்கூஸும் மண்புழுவும் வைத்துப் பழகிய கண். டப்பாவில் விற்கிற மஞ்சள் மாவு இரையை முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார், புழுதான் வேண்டும் என்று. மெல்லிய நரம்பில் புழு, மேலே ஒரே ஒரு ஈயக்குண்டு, கல்லுக்குப் பின்னால். மகள் கையில் பொத்தானை அழுத்தினால் நரம்பு ஓடுகிற பிள்ளைகள் தூண்டில். மூன்றாவது முறை இழுத்தது. அவள் சுற்ற மறந்து, தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் பின்னாலேயே ஓடினாள், மீன் தானாகப் புல்லுக்கு வந்து சேர்ந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாட்டில் ரோஸ் கோடு.

அதன் பிறகு அவளுக்கு மீன் பிடிப்பதில் ஆர்வம் போய்விட்டது. காசு போட்டால் மீன் தீனி விழுகிற பெட்டி இருக்கிறது, பிடிக்கக் கூடாத பகுதியில் பெரிய பெரிய ட்ரவுட் தீனிக்குக் குதிக்கும். என் சில்லறை எல்லாம் அங்கேதான் போனது. அப்பா பழைய இரும்பு ஆலையின் கல் உலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1826இல் தொடங்கி ஐம்பது வருடம் இந்த ஊற்றுத் தண்ணீரின் விசையில் ஓடிய ஆலை. "பாவநாசத்துலயும் தண்ணி விழுந்ததாலதான மில்லு வந்துச்சு" என்றார். மொத்தம் மூன்று மீன்.

*

உங்கள் மெரமெக் அனுபவத்தைப் படித்தேன். நாங்கள் பென்னட் ஸ்பிரிங் போவோம், அதுவும் மிசௌரியில் ட்ரவுட் பிடிக்கிற ஊற்றுதான், லெபனான் என்கிற ஊருக்குப் பக்கம். இரண்டு பையன்கள். அங்கே ஆற்றை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே முதல் பகுதியில் இறகு கட்டிய ஈ இரை மட்டும், இரண்டாவதில் அதோடு செயற்கை இரையும் உண்டு, மூன்றாவதில்தான் புழு, மாவு எல்லாம். முதல் தடவை நாங்கள் பலகையைப் படிக்காமல் முதல் பகுதியில் மாவு இரையோடு நின்றோம். தப்பு எங்களுடையதுதான், பக்கத்தில் நின்றவர் மெதுவாகச் சொல்லிக் கீழே அனுப்பினார். பிள்ளைகளோடு போனால் நேரே மூன்றாவது பகுதிக்குப் போய்விடுங்கள். அப்புறம், மார்ச் 1 அன்று மட்டும் போகாதீர்கள். தோளோடு தோள் இடிக்கும், உங்கள் பையன் தூண்டில் அடுத்தவர் தொப்பியில் மாட்டும். எங்களுக்கு மாட்டியது.

*

நான் ஊட்டிக்காரன். இதே ரெயின்போ ட்ரவுட் எங்கள் அவலாஞ்சியிலும் உண்டு, 1907இல் தொடங்கிய மீன் குஞ்சு பொரிப்பகம். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், பிடித்ததில்லை. அந்த மூன்று மீனை என்ன செய்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?

*

எங்கள் மூன்று மீனைக் கேட்டீர்களே, சொல்கிறேன். மெரமெக் பூங்காவிலேயே மீன் கழுவ இடம் இருக்கிறது. செதில் தேய்க்க வேண்டாம், அவ்வளவு பொடி. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு இரத்தக் கோடு இருக்கும், அதைக் கட்டை விரல் நகத்தால் வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். மிளகு, மஞ்சள், உப்பு, பூண்டு தடவித் தோசைக் கல்லில் போட்டோம். சதை மெத்தென்று இருப்பதால் திருப்பும்போது உடைந்துவிடும், ஒரே தடவைதான் திருப்ப வேண்டும். நான் இரண்டு தடவை திருப்பினேன். புட்டாகத்தான் சாப்பிட்டோம்.